டீச்சிங் பிராக்டிஸ் முடிந்த பிறகு மறுபடியும் கதை படிக்க: முழுமையான வழிகாட்டி

பி.எட். படிப்பில் டீச்சிங் பிராக்டிஸ் என்ற பள்ளிப் பயிற்சிக்கு மொத்தம் 20 வாரம். முதல் ஆண்டில் 4, இரண்டாம் ஆண்டில் 16. அந்த 16 வாரத்தை முடித்துவிட்டு வருகிறவர்களில் நிறையப் பேருக்கு ஒரே சிக்கல் வருகிறது. முன்பு ராத்திரி முழுக்க விழித்துக் கதை படித்தவர்கள்தான். இப்போது புத்தகத்தைத் திறந்தால் நாலாவது பக்கத்தில் கண் சொருகுகிறது, இல்லாவிட்டால் கை பென்சிலைத் தேடுகிறது. "எனக்குப் படிக்கிற பழக்கமே போய்விட்டது" என்று பயந்துபோய் ஒரு தடிப் புத்தகத்தை வாங்கி, அதையும் 30 பக்கத்தில் கவிழ்த்து வைத்துவிடுகிறார்கள்.

பழக்கம் எங்கும் போகவில்லை. வரிசைதான் தவறு. புத்தகம் தேடுவது நாலாவதாகச் செய்ய வேண்டிய வேலை. அதை முதலில் செய்வதால்தான் மற்றதெல்லாம் சறுக்குகிறது. கீழே உள்ள வரிசை தொடக்கக் கல்விப் பட்டயமான டி.எல்.எட். முடித்தவர்களுக்கும் அப்படியே பொருந்தும்.

தொடங்கும் முன் வேண்டியவை

தினம் 20 நிமிடமாக மூன்று வாரம். கைபேசியாக இல்லாத ஒரு கடிகாரம். வெளிச்சம் பின்பக்கத்திலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ புத்தகத்தின் மேல் விழும் ஓர் இடம். உங்கள் ஊர் நூலகத்தின் உறுப்பினர் அட்டை. பக்க அடையாளத்துக்கு, மிச்சமிருக்கும் சார்ட் அட்டையில் மூன்று சென்டிமீட்டர் அகலத்துக்கு நாலைந்து துண்டு நறுக்கிக்கொள்ளுங்கள். சார்ட் எப்படியும் மிஞ்சியிருக்கும்.

பேனா, பென்சில், ஹைலைட்டர் எதுவும் வேண்டாம். ஏன் என்பது மூன்றாம் படியில் வரும்.

1. ரெக்கார்டு பாக்கியை முதலில் முடியுங்கள்

பயிற்சி முடிந்தாலும் ரெக்கார்டு முடிந்திருக்காது. பாடத்திட்டப் பதிவேட்டில் இரண்டு கையெழுத்து பாக்கி, உற்றுநோக்கல் பதிவேட்டில் தேதி போடவில்லை, அடைவுத் தேர்வுப் பதிவேட்டில் வரைபடம் ஒட்டவில்லை, தனியாள் ஆய்வில் முடிவுரை எழுதவில்லை என்று எல்லோரிடமும் ஏதாவது இருக்கும். இதை வைத்துக்கொண்டு கதையில் உட்கார்ந்தால், கதையில் யாராவது கடிதம் எழுதும் இடத்தில் உங்களுக்குத் தலைமையாசிரியர் கையெழுத்து ஞாபகம் வரும்.

ஒரு முழுத்தாளில் மூன்று கட்டம் போடுங்கள்: என்ன பாக்கி, யாரிடம் போக வேண்டும், எந்தக் கிழமை. அடுத்தவரை எதிர்பார்க்கும் வேலைகளை முதலில் எடுங்கள். வழிகாட்டி ஆசிரியரின் கையெழுத்து, தலைமையாசிரியரின் கையெழுத்து, பள்ளி முத்திரை ஆகியவை பள்ளி திறந்திருக்கும் நாளில்தான் கிடைக்கும். அரையாண்டு விடுமுறை விட்டுவிட்டால் பத்து நாளாவது தள்ளிப்போகும். பொருளடக்கம் எழுதுவது, பக்க எண் போடுவது, அட்டை ஒட்டுவது எல்லாம் உங்கள் கையால் நடப்பவை. இரவில் முடித்துக்கொள்ளலாம். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அட்டைக்கு அழகாகத் தாள் ஒட்டி முடித்தபின் முத்திரை வாங்கப் போனால் பள்ளி பூட்டியிருக்கும்.

முடிந்ததும் எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் கட்டிப் பரணிலோ பீரோவின் மேலோ வையுங்கள். செய்முறைத் தேர்வும் வாய்மொழித் தேர்வும் இன்னும் இருக்கிறதே என்று மேசையிலேயே வைத்துக்கொள்ள வேண்டாம். நாட்காட்டியில் தேர்வுக்கு மூன்று நாள் முந்தைய தேதியில் "பையை இறக்கு" என்று குறித்துவிடுங்கள். இறக்கும் நாள் எழுத்தில் இருந்தால் மனசு அதைச் சுமந்துகொண்டு திரியாது.

2. முதல் ஒரு வாரம் எதையும் படிக்காதீர்கள்

இதைச் சொன்னால் எல்லோருக்கும் வியப்பாக இருக்கும். நாலு மாதம் படிக்காமல் இருந்தது போதாதா என்பார்கள். விடியற்காலை எழுந்து டிஃபன் பாக்ஸ் கட்டி, இரண்டு பஸ் மாறி, காலை வழிபாட்டுக் கூட்டத்துக்குள் பள்ளியில் நின்று, மாலை வந்து பாடத்திட்டம் எழுதி, நள்ளிரவில் படுத்த உடம்பு அது. அந்தத் தூக்கக் கடன் தீரும் முன் புத்தகத்தைப் பிடித்தால் பத்து நிமிடத்தில் உறங்கிவிடுவீர்கள். இரண்டு நாள் அப்படி நடந்தால் போதும், புத்தகம் போர் என்றோ நமக்கு இனி வராது என்றோ தீர்மானித்துவிடுவீர்கள். தூக்கத்தின் பழியைப் புத்தகம் சுமக்கும்.

வார இதழில் துணுக்கு, சினிமா, அரட்டை எதுவும் தடையில்லை. தொடர்ந்து மூன்று நாள் அலாரம் இல்லாமல் ஏறக்குறைய ஒரே நேரத்தில் விழிப்பு வந்தால் அடுத்த படிக்குப் போகலாம். சிலருக்கு நாலு நாளில் வரும், சிலருக்குப் பத்து நாள் ஆகும்.

நன்றாகத் தூங்கிய பிறகும் கால் மணி நேரம் படித்தால் நெற்றி வலிக்கிறது, எழுத்து மங்குகிறது என்றால் கண்ணைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். கரும்பலகையையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்த மாதங்களில் பவர் மாறியிருப்பது தெரியாமலேயே போயிருக்கலாம். கண்ணாடி மாற்றினால் தீரும் தொல்லையை மனக்குறை என்று நினைத்து மாதக்கணக்கில் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள்.

3. உங்கள் கண் எப்படி மாறியிருக்கிறது என்று பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

நாலு மாதமாக நீங்கள் படித்ததெல்லாம் ஒன்றை எடுத்துக் கொடுப்பதற்காகப் படித்தது. பாடத்தைத் திறந்தவுடன் பொது நோக்கம், சிறப்பு நோக்கம், முன்னறிவு, ஊக்குவித்தல், கற்பித்தல் செயல்பாடு, மதிப்பீடு, வீட்டுப்பாடம் என்று கட்டங்கள் கண்முன் வந்து நிற்கும். எந்தப் பத்தி எந்தக் கட்டத்துக்கு என்று பிரித்துக்கொண்டே போவீர்கள். அது நல்ல தொழில் பழக்கம். கதையில் அது உதவாது.

ஒரு வரியை வைத்துப் பார்க்கலாம்:

"மழை நின்ற பிறகு அவள் திண்ணையில் வந்து உட்கார்ந்தாள்."

பயிற்சி முடித்து வந்த கண்ணுக்கு இதில் தெரிவது: "நின்ற" பெயரெச்சம், "வந்து" வினையெச்சம், "உட்கார்ந்தாள்" வினைமுற்று. "திண்ணை" நகரத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது, படம் காட்ட வேண்டும். "அவள் ஏன் வந்து உட்கார்ந்தாள்?" என்பது சிந்தனை வினா. ஒரு வரிக்குள் அரைப் பாடவேளைக்குச் சரக்கு கிடைத்துவிட்டது. ஆனால் திண்ணை ஈரமாக இருந்ததா, சாரல் அடித்த பக்கத்தை ஒதுக்கி உட்கார்ந்தாளா, கூரையிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்ததா என்று எதுவும் தோன்றியிருக்காது. கதை படிப்பவருக்கு முதலில் தோன்ற வேண்டியது அதுதான்.

உங்களுக்கு எந்த வகைத் தொந்தரவு என்று கண்டுபிடிக்க, ஒரு சிறுகதையின் முதல் மூன்று பக்கத்தைப் படித்துக்கொண்டே உங்களைக் கவனியுங்கள்.

கை எதையாவது அடிக்கோடிடத் துடிக்கிறதா? தமிழ், ஆங்கிலம், சமூக அறிவியல் எடுத்தவர்களுக்கு இது அதிகம். மருந்து எளிது: கைக்கெட்டும் தூரத்தில் எழுதுகோல் இருக்கக் கூடாது. இரண்டு கையாலும் புத்தகத்தைப் பிடியுங்கள். முதல் மூன்று நாள் தவிப்பாக இருக்கும், பிறகு விட்டுவிடும்.

பிழை கண்ணில் படுகிறதா? 40 பேர் நோட்டில் சிவப்பு மையால் ஒற்றுப்பிழை திருத்திய கண், அச்சுப் புத்தகத்திலும் விடுபட்ட "க்" எங்கே என்று தேடும். இங்கே அறிவுரை சொல்லிப் பயனில்லை, கண் நிற்காது. சில நாள் காதால் படியுங்கள். ஒரு பக்கத்தை முணுமுணுப்பாக வாய்விட்டுப் படித்தால் ஓட்டம் வார்த்தையிலிருந்து வாக்கியத்துக்கு மாறும். வட்டார வழக்கில் எழுதிய கதைகள் இதற்கு நல்ல மருந்து. பேச்சுமொழியில் இலக்கணத் திருத்தம் செய்ய மனசு வராது.

பத்தியின் முதல் வரியையும் கடைசி வரியையும் மட்டும் பார்த்துத் தாவுகிறீர்களா? நேற்றே படித்திருக்க வேண்டிய பாடத்தை முதல் பாடவேளைக்கு முன் புரட்டிப் புரட்டி வந்த பழக்கம் இது. கணிதம், அறிவியல் எடுத்தவர்களிடமும் நிறையப் பார்க்கலாம். உரையாடல் அதிகமுள்ள கதையை எடுங்கள். பேச்சில் தாவினால் யார் பேசுவது என்று உடனே குழம்பும், கண் தானாகவே திரும்பி வரும்.

"இதை வகுப்பில் சொன்னால் நன்றாக இருக்குமே" என்று தோன்றுகிறதா? நால்வகையில் இதுதான் ஆழமானது, கடைசியாகப் போவதும் இதுதான். அதை விரட்ட வேண்டாம். எழுதி மட்டும் வைக்காதீர்கள். நல்ல இடமாக இருந்தால் வகுப்பில் நிற்கும்போது அதுவே வந்து நிற்கும்.

4. முதல் மூன்று புத்தகங்களைத் தேர்ந்தெடுங்கள்

ஒன்று போதாது, பத்து அதிகம். மூன்று எடுங்கள், மூன்றுக்கும் தனித்தனி வேலை.

முதலாவது, ஏற்கெனவே படித்துப் பிடித்துப்போன ஒன்று. கல்லூரிக் காலத்திலோ அதற்கு முன்போ விழுந்து விழுந்து படித்தது. கதை தெரிந்திருப்பதால் புரிய வேண்டுமே என்ற அழுத்தம் இல்லை. கண்ணுக்கு வேகம் திரும்ப இதைவிட நல்ல வழி கிடையாது. சிறுவர் கதையாக இருந்தாலும் சரிதான், யாரும் மதிப்பெண் போடப் போவதில்லை.

இரண்டாவது, ஒரு சிறுகதைத் தொகுப்பு. ஒரு கதை 6 முதல் 10 பக்கத்துக்குள் இருக்க வேண்டும். ஒரே அமர்வில் ஒரு கதை முடிந்துவிடும். முடித்தோம் என்ற உணர்வுதான் மறுநாள் புத்தகத்தை எடுக்க வைக்கிறது. 25 பக்கக் கதைகள் உள்ள தொகுப்பு இப்போதைக்கு வேண்டாம்.

மூன்றாவது, 100 முதல் 130 பக்கத்துக்குள் ஒரு குறுநாவல், இதுவரை படிக்காதது. இதை மூன்றாம் வாரத்துக்குமுன் தொடாதீர்கள்.

கணக்கு இப்படி. நிதானமாகப் படித்தால், வழக்கமான புத்தக அளவான டெமியில் பக்கம் ஒன்றுக்கு ஏறக்குறைய இரண்டு நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 நிமிடத்தில் 10 பக்கம். 120 பக்கக் குறுநாவல் 12 அமர்வில் முடியும். அதே கணக்கில் 480 பக்க நாவலுக்கு 48 அமர்வு, அதாவது ஒன்றரை மாதத்துக்கு மேல். இடையில் செய்முறைத் தேர்வு வரும், யாராவது வீட்டுக் கல்யாணம் வரும், விட்டுப்போகும். உங்கள் வேகம் வேறாக இருக்கலாம். கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம் படித்து, எத்தனை பக்கம் என்று ஒருமுறை எண்ணிக்கொண்டால் போதும்.

கடையிலோ நூலகத்திலோ புத்தகத்தைக் கையில் எடுத்ததும் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து வரிகளை எண்ணுங்கள். 35-ஐத் தாண்டினால் எழுத்து பொடி, கீழே வையுங்கள். பிறகு முதல் இரண்டு பக்கத்தை நின்றபடியே படியுங்கள். மூன்றாம் பக்கத்துக்குக் கை தானாகப் போனால் அது உங்கள் புத்தகம். பின்னட்டையைப் படித்துத் தேர்ந்தெடுக்க வேண்டாம். பின்னட்டையில் மோசமான புத்தகம் என்று ஒன்றுமே கிடையாது.

தவிர்க்க வேண்டியவையும் உண்டு. கல்வி பற்றிய நூல்கள், வகுப்பறை அனுபவ நூல்கள், ஆசிரியர் நாயகனாக வரும் நாவல்கள் எவ்வளவு நல்லவையானாலும் ஆறு மாதம் கழித்துத்தான். நீங்கள் விரிவானமாக நடத்திய கதையின் ஆசிரியரையும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். அந்த நடையைப் பார்த்ததும் வினாத்தாள் ஞாபகம் வரும். "தமிழில் படித்தே தீர வேண்டிய நூறு" போன்ற பட்டியல்கள் பக்கம் போகவே வேண்டாம். பட்டியலைப் பார்த்ததும் அதைப் பாடத்திட்டமாக ஆக்கிவிடும் மனநிலையில் இருக்கிறீர்கள்.

5. எங்கிருந்து எடுப்பது

முதல் மூன்றையும் காசு கொடுத்து வாங்காமல் நூலகத்தில் எடுப்பதே நல்லது. 300 ரூபாய் கொடுத்த புத்தகத்தைப் பிடிக்காவிட்டாலும் முடிக்கத் தோன்றும். நூலகப் புத்தகத்தை மறுநாளே திருப்பிக் கொடுக்கலாம். திருப்பித் தர வேண்டிய தேதி சீட்டில் இருப்பதும் ஒரு மெல்லிய உந்துதல்.

கிளை நூலகத்தில் உறுப்பினராக முகவரிச் சான்றும் சிறிய வைப்புத்தொகையும் போதும். கிளம்பும் முன் விடுமுறை நாளைக் கேட்டுக்கொள்ளுங்கள். பல கிளை நூலகங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருக்கும் என்று நினைத்து வெள்ளியன்று போய் ஏமாறுபவர்கள் உண்டு. மாவட்டத் தலைநகரில் இருந்தால் மாவட்ட மைய நூலகம். சென்னைக்காரர்களுக்கு எழும்பூர் கன்னிமாராவும் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரைக்காரர்களுக்கு 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும் இருக்கின்றன. வீட்டில் இடமில்லாதவர்கள் அங்கேயே உட்கார்ந்து படிக்கலாம். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் இருக்கும் பகுதியில் மட்டும் உட்காராதீர்கள். பக்கத்தில் ஒருவர் வினா-விடைத் தொகுப்பைப் புரட்டும்போது உங்களுக்குக் கதை ஓடாது.

பயிற்சி ஆண்டு இறுதியில் முடிந்தால், பொங்கலை ஒட்டிச் சென்னைப் புத்தகக் காட்சி வரும். போங்கள், சுற்றுங்கள், ஒன்றோ இரண்டோ வாங்குங்கள். ஒரு கட்டைப்பை நிறைய வாங்கி வந்தால் அது அலமாரியிலிருந்து உங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கும். முடிக்காத ரெக்கார்டு மாதிரிதான் அதுவும்.

கைபேசியில் படிப்பதென்றால் கோப்பின் வகையைக் கவனியுங்கள். தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் தன்னார்வ முயற்சியாக 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பழைய நூல்களும் நாட்டுடைமையான நூல்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இருப்பவை பெரும்பாலும் ஸ்கேன் செய்த பக்கங்கள். ஆறங்குலத் திரையில் அதை இழுத்து இழுத்துப் படிக்க வேண்டியிருக்கும், கதைக்கு ஒத்துவராது. எழுத்தைப் பெரிதாக்கினால் வரி தானாக மடங்கும் இபப் வகைதான் வேண்டும். ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் அந்த வகையோடு ஆறங்குலத் திரைக்கென்றே அமைத்த பி.டி.எஃப்.பும் தருகிறார்கள். எதில் படித்தாலும் முதல் புத்தகம் அச்சில் இருப்பது நல்லது. காரணம் அடுத்த படியில்.

6. நேரத்தையும் இடத்தையும் மாற்றுங்கள்

பாடத்திட்டம் எழுதிய மேசையில் உட்கார்ந்து கதை படிக்காதீர்கள். நாலு மாதமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் முதுகு விறைத்து வேலைக்குத் தயாராகிப் பழகிவிட்டது. மொட்டை மாடி, வாசற்படி, ஊஞ்சல், ஜன்னலோரத்தில் ஒரு பாய் என்று எதுவானாலும் சரி, அந்த மேசை வேண்டாம்.

இரவு படுக்கப் போகும் முன் என்பதுதான் எல்லோரும் முதலில் தேர்ந்தெடுக்கும் நேரம். முதல் மூன்று வாரத்துக்கு அது மோசமான நேரம். கண் அசந்துவிடும், மறுநாள் அதே பக்கத்தை மறுபடி படிக்க வேண்டும், மூன்றாம் நாள் அலுத்துவிடும். மாலைக் காபிக்குப் பிறகு, அல்லது காலைக் குளியலுக்கு முன் என்று ஏற்கெனவே நடக்கும் ஒரு வேலையோடு முடிச்சுப் போடுங்கள். "ஆறு மணிக்குப் படிப்பேன்" என்பது கரண்ட் போனால் கெட்டுப்போகும். "காபி டம்ளரைக் கழுவி வைத்ததும் படிப்பேன்" என்பது கெடாது.

அளவு 20 நிமிடம். பாடவேளைக் கணக்கில் 40 நிமிடம் என்று வைக்காதீர்கள். 40-இல் உட்கார்ந்தால் முன்னுரைக்கு ஐந்து, விளக்கத்துக்கு இருபத்தைந்து என்று உள்ளே ஒரு மணி அடிக்க ஆரம்பிக்கும். 20 முடிந்ததும் இன்னும் படிக்கத் தோன்றினால் படியுங்கள். தோன்றாவிட்டால் பத்தியின் நடுவில் இருந்தாலும் மூடுங்கள். நடுவில் மூடினால் மறுநாள் எடுக்க ஒரு கொக்கி இருக்கும்.

கைபேசி அடுத்த அறையில். பயிற்சிக் காலத்து வாட்ஸ்அப் குழுக்கள் குறைந்தது மூன்றாவது இருக்கும்: கல்லூரிக் குழு, பாடக் குழு, ஒரே பள்ளிக்குப் போனவர்களின் குழு. பயிற்சி முடிந்தாலும் இவை அடங்காது. "சர்ட்டிபிகேட் எப்ப தராங்க?" என்று தினம் யாராவது கேட்பார்கள். குழுவிலிருந்து விலக வேண்டாம், தேர்வு அறிவிப்பு அதில்தான் வரும். மூன்றையும் ஒலியடக்கி வைத்து ஒரு நாளைக்கு ஒருமுறை பாருங்கள். அச்சுப் புத்தகம் வேண்டும் என்றது இதனால்தான். கைபேசியில் படிக்கும்போது கதைக்கு மேலே அந்தச் செய்தி நழுவி வந்து போகும்.

7. மூன்று வார நடைமுறை

முதல் வாரம்: ஏற்கெனவே படித்த புத்தகம் மட்டும். முதல் இரண்டு நாள் 10 நிமிடம், மூன்றாம் நாளிலிருந்து 20. முடிக்க வேண்டிய அவசியமில்லை. பிடித்த அத்தியாயத்தை மட்டும் திறந்தாலும் சரி. ஒரு பக்கத்தில் மூன்று முறைக்கு மேல் மனசு ஓடினால் நாலு வரி வாய்விட்டுப் படித்துவிட்டுத் தொடருங்கள்.

இரண்டாம் வாரம்: சிறுகதைத் தொகுப்பு. நாளுக்கு ஒரு கதை, வரிசையாகத்தான் படிக்க வேண்டும் என்பதில்லை. இருப்பதில் சின்னதை முதலில் எடுங்கள். கதை முடிந்ததும் அடுத்ததை உடனே தொடங்காமல் இரண்டு நிமிடம் சும்மா இருங்கள். "இக்கதை உணர்த்தும் கருத்து யாது?" என்று உள்ளே ஒரு குரல் கேட்கும். பதில் சொல்லாதீர்கள். பதிலுக்கு, கதையில் கண்முன் நின்ற ஒரு பொருளை நினைத்துப் பாருங்கள்: ஒரு செருப்பு, ஒரு கிணற்றடி, ஒரு நாய். மூன்றாம் படியில் பார்த்த கட்டம் போடும் பழக்கம் கழல்வது இந்த இரண்டு நிமிடத்தில்தான்.

மூன்றாம் வாரம்: குறுநாவல். முதல் அமர்வில் மட்டும் 30 நிமிடம் ஒதுக்குங்கள். புது ஊர், புது ஆட்கள் என்று அறிமுகமாக 15 பக்கமாவது வேண்டும். முதல் நாளே ஐந்து பக்கத்தில் நிறுத்தினால் மறுநாள் யார் யாரென்று தெரியாது. வாரம் முடிவதற்குள் புத்தகம் முடியாது, அது திட்டத்திலேயே இருக்கிறது.

ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் 40 நிமிடமாக ஈடுகட்டாதீர்கள். விடுபட்ட பாடவேளையை ஈடுகட்டுவது பள்ளிக்குத்தான். மூன்று நாள் தொடர்ந்து விட்டுப்போனால் மட்டும் முதல் வாரத்துப் புத்தகத்துக்கு ஒரு நாள் திரும்பிப் போய்விட்டு வாருங்கள்.

8. பிடிக்காததைக் கைவிடுங்கள்

30 பக்கம் வரை இடம் கொடுங்கள். அதற்குள் யாரோ ஒருவர் அடுத்து என்ன செய்வார் என்று தெரிந்துகொள்ளும் ஆசை வராவிட்டால் மூடிவிடுங்கள். சிறுகதையாக இருந்தால் இரண்டு பக்கம்.

ஆசிரியராகப் போகிறவர்களுக்கு இது கடினம். போர்ஷனை முடிக்காமல் விடக் கூடாது என்று ஊறிப்போயிருக்கிறது. நூலகத்துக்குத் திருப்பிக் கொடுத்த புத்தகத்துக்கு யாரும் சிவப்பு மையில் "முழுமையாக இல்லை" என்று எழுத மாட்டார்கள். ஒன்று மட்டும் கவனியுங்கள்: தொடர்ந்து நாலு புத்தகத்தைக் கைவிட்டால் குறை புத்தகத்தில் இருக்காது. தூக்கம், கண், ரெக்கார்டு பாக்கி, இந்த மூன்றில் ஒன்றுக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள்.

9. டெட் படிப்போடு எப்படி ஒத்துப்போவது

பயிற்சி முடிந்ததும் வீட்டில் கேட்கும் முதல் கேள்வி டெட் எப்போது என்பது. ஆசிரியர் தகுதித் தேர்வில் 150-க்கு 90 மதிப்பெண் வேண்டும். பிரிவினருக்கேற்ப அதில் சலுகை உண்டு. இந்தச் சுமை தலைக்கு மேல் இருக்கும்போது கதை படிப்பது குற்றமாகத் தோன்றும். தோன்றினால் இரண்டும் கெடும். கதையை வைத்துக்கொண்டு டெட்டை நினைப்பீர்கள், டெட்டை வைத்துக்கொண்டு கைபேசியை நோண்டுவீர்கள்.

அன்றைய டெட் பகுதியை முடித்த பிறகுதான் கதை என்று வைக்காதீர்கள். டெட் படிப்பு எந்த நாளிலும் முடியாது. கதைக்குரிய 20 நிமிடத்தை முதலில் முடித்துவிட்டுப் பாடத்தில் உட்காருங்கள். இரண்டுக்கும் இடையில் பத்து நிமிடமாவது எழுந்து நடங்கள். இரண்டு புத்தகமும் ஒரே அறையில் இருக்கலாம், ஒரே மேசையில் வேண்டாம்.

தேர்வுக்கு உதவும் என்று இலக்கிய வரலாற்றையோ உளவியலையோ இந்த 20 நிமிடத்துக்குள் நுழைக்கும் ஆசை வரும். நுழைத்த அன்றோடு அது படிப்பாகிவிடும். தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரம் மட்டும் கதையை நிறுத்திவைக்கலாம். நிறுத்துவதற்கு முன் அடுத்து எடுக்கப்போகும் புத்தகத்தை எடுத்து வைத்துவிடுங்கள்.

10. பெரிய நாவலுக்கு எப்போது போகலாம்

இரண்டு குறுநாவல்களை முடித்த பிறகு. அதற்கு முன் போகிறவர்கள் விழும் பள்ளம் பெரும்பாலும் ஒன்றுதான்: நாலு மாதம் படிக்காததை ஒரே வீச்சில் ஈடுகட்ட ஐந்து பாகமுள்ள பொன்னியின் செல்வனைத் தொடங்குவது. இரண்டாயிரம் பக்கத்துக்கு மேல் போகும் நூல் அது. நம் 20 நிமிடக் கணக்கில் 200 நாளுக்கு மேல் ஆகும்.

ஆனால் அதே நூலில் நமக்குத் தோதான ஒன்றும் இருக்கிறது. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்தது என்பதால், ஒவ்வொரு அத்தியாயமும் வாராவாரம் ஒரு அமர்வில் படிக்கும் அளவில், அடுத்ததற்கு ஏங்க வைக்கும் இடத்தில் முடியும். பத்திரிகைத் தொடராக வந்த எந்த நாவலுக்கும் அநேகமாக இந்தக் குணம் உண்டு. ஆகவே முதல் பெரிய நாவலைத் தேர்ந்தெடுக்கும்போது, 300 பக்கத்துக்குள், தொடராக வெளிவந்த ஒன்றைத் தேடுங்கள். பதிப்புரையிலோ முன்னுரையிலோ எந்த இதழில் வந்தது என்று போட்டிருப்பார்கள். அத்தியாயங்களே இல்லாமல் நீளமாக ஓடும் நாவல்கள் அதற்கடுத்து.

பாத்திரங்கள் நிறைய இருந்தால், இதுவரை தடை செய்த பேனாவை ஒரே ஒருமுறை எடுக்கலாம். பக்க அடையாளச் சார்ட் துண்டில் பெயரும் உறவும் மட்டும்: "வள்ளி: மூத்தவர் மகள்." குணநலன் எழுத ஆரம்பித்தால் பேனாவை உள்ளே வைத்துவிடுங்கள்.

11. வேலைக்குப் போன பிறகு

ஜூனில் எங்காவது வேலை கிடைத்துச் சேர்ந்தால் முதல் மாதம் பழைய பயிற்சிக் காலம் போலவே இருக்கும். அப்போது 20-ஐப் பத்து நிமிடமாகக் குறையுங்கள், பூஜ்யமாக்காதீர்கள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் ஒரு சிறுகதை. படித்தால் தலை சுற்றுகிறவர்கள் ஒலிப்புத்தகம் கேட்கலாம். கண்டக்டர் சில்லறை கேட்பது காதில் விழ, ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொள்ளுங்கள்.

ஆசிரியர் அறையில் கதைப் புத்தகத்தோடு உட்கார்ந்தால் "என்ன டீச்சர், ஃப்ரீ பீரியடா?" என்று யாராவது கேட்பார்கள், கையோடு, வராத ஆசிரியருக்குப் பதிலாக எடுக்கும் பாடவேளை ஒன்றையும் தலையில் கட்டிவிடுவார்கள். புத்தகத்துக்குப் பழுப்புத்தாள் அட்டை போட்டுக்கொள்ளுங்கள். பாடநூல் மாதிரியே இருக்கும்.